குடத்தை வைத்துவிட்டுப் போனவள்: தவக்காலக் கேள்வி பதில்

திருநீற்றுப் புதன் இந்த வருடம் (2026) பிப்ரவரி 18-லேயே வந்துவிட்டதால் இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே தவக்காலம்தான், அதாவது உயிர்ப்பு ஞாயிறு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய 40 நோன்பு நாட்கள். சிலர் ‘தவக்காலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், சிலர் ‘லெந்து நாட்கள்’ என்று. சிலர் செபம், சிலர் ஜெபம். எங்கள் வீட்டிலேயே இரண்டும் உண்டு. நான் பூசைக்குப் போகிறவள், என் கணவர் சி.எஸ்.ஐ. அதனால் யார் எப்படி எழுதினாலும் எனக்குப் புரியும், திருத்தப் போவதில்லை.

டீச்சர், ஒவ்வொரு தவக்காலத்திலும் பைபிளை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன். லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடுகிறது. மூன்று வருடமாக இதே கதை. என்னதான் செய்வது?
– வாசகி, தூத்துக்குடி

மூன்று வருடம்தானே! நான் அதே லேவியராகமத்தில், அதே 13-ஆம் அதிகாரத்தில், குஷ்டரோகத்தை ஆசாரியன் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் ஐந்து வருடம் நின்றிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். 40 நாளில் முடிக்க வேண்டும் என்றால் நாளைக்கு 30 அதிகாரம். உங்கள் கையில் இருப்பது கத்தோலிக்கத் திருவிவிலியம் என்றால் 73 நூல்கள், இன்னும் கூடும். ஒரு வருடம் அட்டவணை போட்டு, நோட்டில் கட்டம் கட்டி, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி அடுப்படியில் நின்று, சோறு வெந்துகொண்டிருக்க, எண்ணாகமத்தில் கோத்திரம் கோத்திரமாக எத்தனை பேர் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். யூதா கோத்திரத்தில் 74,600 பேர் (இப்போது புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்). அன்றைக்குச் சோறு குழைந்துபோனது மட்டும் பார்க்காமலே நினைவிருக்கிறது.

அதனால் முழு பைபிளை வேறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் என்று போனால் முடிந்துவிடும், லேவியராகமம் ஒன்பது நாளுக்கு மேல் ஆகாது. இந்த 40 நாளுக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அன்றன்றைய திருப்பலி நற்செய்தி வாசகம். ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு வசனம் இருக்கும், நாட்காட்டியிலேயே போட்டிருக்கும். இரண்டு, மாற்கு நற்செய்தி மட்டும். மொத்தமே 16 அதிகாரம், நாளைக்கு அரை அதிகாரம் கூட வராது.

சரி, அரை அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி ஒருவர், இரண்டாம் குய்கோ என்பார்கள், இதற்கு நான்கு படிகள் எழுதி வைத்தார். வாசிப்பது, தியானிப்பது, மன்றாடுவது, அப்புறம் அவர் சன்னிதியில் சும்மா இருப்பது. சாப்பாட்டை வைத்தே விளக்குகிறார்: வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, மன்றாட்டு ருசியை எடுக்கிறது, கடைசிப் படி அந்த இனிப்பேதான். பழைய துறவிகள் தியானத்துக்குப் பயன்படுத்திய லத்தீன் சொல்லே மாடு அசைபோடுகிறதே, அந்தச் சொல்தான். ‘சும்மா இரு’ என்பதும் நம் பக்கத்துக்குப் புதிய பேச்சு இல்லை.

எப்படி அசைபோடுவது என்று சொல்வதைவிட, ஒருவர் அசைபோட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். மார்ச் 8, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, இந்த வருடம் யோவான் 4-ஆம் அதிகாரம், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிற இடம். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும், அதனால் 2023-லும் இதே வாசகம்தான். அந்த வாரம் எங்கள் அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கிற குழு) தெருமுனை வீட்டு மொட்டை மாடியில். ஒன்பது பெண்கள், ஒரு தாத்தா. வாசகத்தை மூன்று முறை, மூன்று பேர், மெதுவாக வாசித்தோம். எந்தச் சொல் உங்களை நிறுத்தியது என்று கேட்டேன். வழக்கம்போல ‘ஜீவத் தண்ணீர்’ என்றார் ஒருவர், ‘ஐந்து புருஷர்’ என்று இன்னொருவர் மெல்லச் சொல்லிச் சிரித்தார். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா மட்டும், 28-ஆம் வசனம், “தன் குடத்தை வைத்துவிட்டு” என்றார். ஏன் என்றோம். “அந்தக் குடம் என்ன ஆச்சு? யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்களே” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பகுதியில் லாரித் தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவோம். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. அந்த அக்கா அதைத்தான் சொன்னார். நான் குடத்தை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரப்போகிறேன் என்று அர்த்தம், அவளும் அப்படித்தான், ஊர் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறாள், அதுவரைக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் குடம் என்றால் பழைய வாழ்க்கை, அதை அவள் விட்டுவிட்டாள் என்றுதான். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வரிசையில் நிற்கிறவருக்கு வேறு கண். அப்புறம் அந்தத் தாத்தா, அதுவரை பேசாமல் இருந்தவர், “அவரு தாகத்துக்குத் தண்ணி கேட்டாரே, குடிச்சாரா?” என்றார். புரட்டிப் பார்த்தோம். இல்லை. குடித்தார் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. சீஷர்கள் சாப்பாடு வாங்கி வந்தும் சாப்பிட்டதாக இல்லை. மத்தியான வெயில், நடந்து வந்த களைப்பு, பக்கத்தில் ஒரு குடம், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் வேறு எதுவும் படிக்கவில்லை. எனக்கு அந்த ஒரு வசனம் உயிர்ப்பு ஞாயிறு வரை ஓடியது. தூத்துக்குடியிலும் தண்ணீர்க் கதை இதேதானே, மார்ச் 8 அன்று குடத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே? 40 என்று ஏன் சொல்கிறோம்?
– எட்டாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

எண்ணிப் பார்த்தாயே, அதற்கே ஒரு சபாஷ். இந்த வருடம் பிப்ரவரி 18-லிருந்து, ஏப்ரல் 5 உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின நாள் வரை 46. அதில் ஞாயிறு ஆறு. ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்றைக்கு உபவாசம் இல்லை, ஆகவே கழித்தால் 40. இயேசு வனாந்தரத்தில் இருந்த 40 நாள், எலியா ஓரேபுக்கு நடந்த 40 நாள், மோசே மலையில் இருந்த 40 நாள், எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே தவக்காலம் முடிந்துவிடுகிறது, அந்தக் கணக்கு வேறு. அதை உன் மறைக்கல்வி டீச்சரிடம் கேள், அவருக்கும் வேலை வேண்டாமா?

ஒரே அறை வீடு. மாமியார், இரண்டு பிள்ளைகள், ராத்திரி பத்து வரை சீரியல். ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ ஜெபம் பண்ணச் சொல்கிறது வேதம். எனக்குக் கதவே இல்லையே அக்கா.
– வாசகி, வியாசர்பாடி, சென்னை

மத்தேயு 6:6. திருநீற்றுப் புதனுக்கான நற்செய்தியே அதுதான், அதனால் இந்தக் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

அந்த ‘அறைவீடு’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல் தமெய்யோன். உள்ளறை என்று சொல்லலாம், ஆனால் சாமான்கள், தானியம் போட்டு வைக்கிற அறைக்கும் அதே சொல்தான். லூக்கா 12:24-ல் காகங்களுக்கு ‘பண்டசாலையுமில்லை, களஞ்சியமுமில்லை’ என்று வருகிறதே, அந்தப் பண்டசாலையும் இதே சொல். ஆக, இயேசு சொன்னது மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட செப அறை இல்லை. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இருக்கிற இடத்தைக் காட்டினாலும் அந்தச் சொல்லுக்குப் பொருந்தும். யாரும் பார்க்காத இடம் என்பதுதான் அங்கே பேச்சு. முந்தின வசனத்தில் தெருமுனையில் நின்று எல்லாரும் பார்க்கும்படி செபிக்கிறவர்களை வைத்துத்தான் இதைச் சொல்கிறார்.

உங்களுக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மாநகரப் பேருந்தில் ஜன்னலோர சீட்டில் 40 நிமிடம். இன்னொருவர் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது. ஈரப் புடவை நாலு பக்கமும் தொங்கினால் அதைவிடப் பெரிய திரை எந்தக் கோவிலில் இருக்கிறது? நான் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது குளியலறையில் வாளி நிறைகிற நேரத்தில் ஒரு பரலோக மந்திரம் சொல்லி, அந்த நாளின் வசனத்தை ஒரு தரம் மனதில் ஓட்டிவிடுவேன், அதற்கு மேல் கதவைத் தட்டுவார்கள். அதற்காக வெட்கப்பட்டதில்லை.

மாமியாரைச் சீரியலை நிறுத்தச் சொல்லாதீர்கள். விளம்பர இடைவேளையில் ஒரு வசனம் வாசித்துக் காட்டட்டுமா அத்தை என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் இது வேலை செய்திருக்கிறது, சில வீடுகளில் சண்டையில் முடிந்திருக்கிறது, உங்கள் அத்தையை உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பதினைந்து ‘இன்றைய வாக்குத்தத்தம்’ வருகிறது. எல்லாவற்றையும் படித்து ஆமென் போடுகிறேன். இது தினசரி தியானம் ஆகுமா?
– வாசகர், வேலூர்

பதினைந்து வீட்டில் விருந்து சாப்பிட்டால் எந்த வீட்டு ரசம் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியுமா? ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் படத்தில் பார்ப்பதோடு விடாமல் புத்தகத்தில் எடுத்து, முன்னால் பத்து வசனம், பின்னால் பத்து வசனம் வாசியுங்கள். எரேமியா 29:11, உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்பது, வாரம் ஒரு முறையாவது சூரிய உதயப் படத்தோடு வரும். அதற்கு ஒரு வசனம் முன்னால், பாபிலோனில் 70 வருஷம் கழிந்த பிறகுதான் திரும்பக் கூட்டி வருவேன் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது, அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அது தெரிந்த பிறகு 11-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள், வேறு மாதிரிக் கேட்கும்.

எங்கள் சபையில் ‘லெந்து என்பது வேதத்தில் இல்லை, மனுஷர் உண்டாக்கினது’ என்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்த வீடு ஆர்.சி. இங்கே வெள்ளிக்கிழமை எல்லாரும் சிலுவைப் பாதைக்குப் போகிறார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் சபையார் சொல்வதில் பாதி சரி. உயிர்ப்புக்கு முன் 40 நாள் அனுசரியுங்கள் என்று வேதாகமத்தில் எந்தக் கட்டளையும் இல்லை. ஆனால் நேற்று முளைத்ததும் இல்லை. 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாவது சட்டத்திலேயே உயிர்ப்புக்கு முந்தைய ‘நாற்பது’ பற்றிய பேச்சு வந்துவிடுகிறது, அதுவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. ரோமர் 14-ல் பவுல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்கிறார். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக இந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் சண்டையைத் தவிர்க்கிறோம்.

அப்புறம் சிலுவைப் பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செபிப்பது. போக மனமில்லை என்றால் போகாதீர்கள், மாமனார் வீட்டில் பக்குவமாகச் சொல்லுங்கள். போகலாம் என்று தோன்றினால், உங்கள் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பதினான்கு நிலைகளில் எல்லாமே சுவிசேஷத்தில் இருக்காது. இயேசு மூன்று முறை விழுந்தது, வெரோணிக்கா முகம் துடைத்தது, இவை பக்தி மரபிலிருந்து வந்தவை. இதைச் சொன்னால் எங்கள் பங்கில் சில பாட்டிகளுக்குக் கோபம் வரும், ஆனால் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே 1991 பெரிய வெள்ளியன்று ரோமில் கொலோசியத்தில் முழுக்க வேதத்தில் இருக்கிற நிகழ்வுகளை மட்டும் வைத்து, கெத்செமனேயில் தொடங்கி, சிலுவைப் பாதை நடத்தினார். அந்த வரிசையை எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் சங்கடம் இல்லை. இதைச் சொன்னதால் வெரோணிக்காவை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையை எடுத்து முகம் துடைத்துவிட்டாள் என்று பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் ஏன் நம்ப ஆசைப்பட்டார்கள் என்பதையே ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க யோசிக்கலாம்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், எந்தப் பைபிளை வாசிப்பது என்று. இரண்டையும்! சங்கீதம் 51:10, பழைய மொழிபெயர்ப்பில் “தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்”. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் “கடவுளே! தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்”. எனக்குப் புரிவது இரண்டாவது. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது வாயில் வருவது என் கணவர் வீட்டுச் ‘சிருஷ்டியும்’தான், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நான்கு நாள் தியானம் விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வாசித்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். இன்றைக்கு உள்ளதை மட்டும் வாசியுங்கள். நாலு நாள் சாப்பாட்டை ஐந்தாம் நாள் யாரும் சேர்த்துச் சாப்பிடுவதில்லை.

வயது 62. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, காலையும் ராத்திரியும் மாத்திரை. சின்ன வயதிலிருந்தே தவக்காலம் முழுக்க ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு) இருந்து பழகியவன். இப்போது இருந்தால் மகள் திட்டுகிறாள். தம்பியோடு இடத் தகராறில் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு விஷயம். ஒருசந்தி இருக்கலாமா, கூடாதா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. இன்றைய திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறைகிறவரைக்கும்தான். அதுவும் கட்டாயம் இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம். சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து, தவக்கால வெள்ளிக்கிழமைகளில். நோயாளிகளை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. உங்களுக்கு 62, சர்க்கரையும் இருக்கிறது, ஆக ஒருசந்திக் கடமை உங்களுக்கு இல்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். உபவாசத்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள், மகள் திட்டுவது சரிதான்.

இங்கே ஒரு சின்னக் குறுக்குப் பேச்சு. இந்த வருடம் ரமலானும் நம் தவக்காலமும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருக்கின்றன. எங்கள் எதிர்வீட்டுப் பாய் வீட்டில் விடிவதற்கு முன்னால் விளக்கு எரியும், அப்புறம் மாலை வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. சாயங்காலம் நோன்புக் கஞ்சி எங்களுக்கும் ஒரு தூக்கு வரும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று சொல்லிவிட்டு மீன் கணக்கில் வராது என்பதால் வஞ்சிரம் வறுத்து வைத்திருந்த வீட்டில், அந்தத் தூக்கை வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சட்டப்படி மீன் சாப்பிடலாம். கூச்சத்துக்குச் சட்டம் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பசியோடு இருக்க முடியாதவருக்கு என்று தனியாக எழுதி வைத்த மாதிரி ஏசாயா 58 இருக்கிறது. இந்த 40 நாளும் அந்த ஒரு அதிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், 14 வசனம்தான். நாங்கள் உபவாசம் பண்ணுகிறோம், நீர் பார்க்கவில்லையே என்று ஜனங்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். எனக்கு உகந்த உபவாசம் எது என்று அவர் வரிசையாகச் சொல்கிறார். பசியுள்ளவனுக்கு ஆகாரம், வீடில்லாதவனுக்கு வீடு, வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம். ஏழாம் வசனம் இதோடு முடிந்திருந்தால் அரிசி மூட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வசனம் அங்கே முடியவில்லை. “உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்” என்று வருகிறது. உன் சொந்த ரத்தம், உன் கூடப் பிறந்தவன், அவன் எதிரே வரும்போது நீ தெருவை மாற்றிப் போகாமல் இருப்பது.

அதனால் ஐயா, தம்பி விஷயம் வேறு விஷயம் இல்லை. இடத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது வக்கீலும் பத்திரமும் பார்க்கிற காரியம். தவறு யார்மேல் என்பதும் எனக்குத் தெரியாது. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நீங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு வாசல் வழியாகப் போவீர்கள் என்று நினைக்கிறேன், ஒரே பங்குதானே? இந்த முறை அவர் வாசலில் போய் நில்லுங்கள். பேச்சு வந்தால் பேசுங்கள். வராவிட்டால் நின்றுவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு ஒன்றும் ஆகாது.

பிள்ளைகள் சாக்லேட் வேண்டாம், கார்ட்டூன் வேண்டாம் என்று ஒறுத்தல் எடுத்திருக்கிறார்கள். சரிதானா?
– வாசகி, திருச்சி

நல்லதுதான். சாக்லேட்டுக் காசு தவக்கால உண்டியலில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் மிச்சம். அப்புறம் குழந்தைகளோடு வாசிக்க யோவான் 9, பிறவிக் குருடன் கதை. மார்ச் 15 ஞாயிறு வாசகம் அது. நாடகமாகப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டார், பெற்றோர், பரிசேயர் என்று ஆள் ஆளுக்கு ஒரு வேஷம் இருக்கிறது, அந்தப் பையனின் பதிலிலும் ஒரு குறும்பு இருக்கிறது. நீங்களும் அவருக்குச் சீஷராக வேண்டுமா என்று விசாரிக்கிறவர்களையே கேட்டுவிடுகிறான். என் வகுப்பில் அந்த வேஷத்துக்குத்தான் எப்போதும் அடிதடி.

கடைசியாக என்னுடைய கேள்வியைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் நவம்பரில் இறந்துபோனார். தவக்காலம் என்று எல்லாரும் மனந்திரும்பு, பாவத்தை அறிக்கையிடு என்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் பண்ண எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, கோபம்தான் வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்து உட்காரும் நாற்காலியைப் பார்த்தால் செபம் வாயில் வர மாட்டேன் என்கிறது.
– வாசகி, ஊர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

போடாமல் எப்படி அம்மா.

இந்த வருடம் பாவமன்னிப்புக் கேட்கிற 51-ஆம் சங்கீதம் உங்களுக்கு வேண்டாம். அது அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். 88-ஐ எடுங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல்தான், கோவிலில் நாம் பாடுவதைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது ஒரு நம்பிக்கை வரி வந்துவிடும். 88-ல் வராது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைக்கிறீர், என் சிநேகிதனைத் தூர விலக்கினீர் என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதை யாரும் வெட்டி எறியவில்லை. வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

நம் பாட்டிகள் ஒப்பாரி வைத்தபோது சாவைத் திட்டினார்கள், போனவரைத் திட்டினார்கள், சாமியையும் திட்டினார்கள், யாரும் தடுக்கவில்லை. இப்போது மூன்றாம் நாளே ‘கர்த்தர் சித்தம்’ என்று சொல்லி வாயை மூடிவிடுகிறோம், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாற்கு 15:34-ல் இயேசு சிலுவையில் சத்தமிட்டது, எலோயி, எலோயி, லாமா சபக்தானி, அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. தாய்மொழியில் சொன்னார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்விக்கு மேலேயிருந்து பதில் வந்ததாக மாற்கு எழுதவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறான் என்று தப்பாகப் புரிந்துகொண்டதுதான் அடுத்து எழுதியிருக்கிறது. உங்களைச் சுற்றி இருக்கிறவர்களும் இப்போது அப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

ஆறு மணிக்கு அந்த நாற்காலிக்கு எதிரே உட்காருங்கள். 88-ஐ வாய்விட்டு, சத்தமாக வாசியுங்கள். 18 வசனம், ஐந்து நிமிடம் கூட ஆகாது. முடித்த பிறகு திரித்துவப் புகழ் (‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ என்ற செபம்) சொல்ல வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாசிக்கவே குரல் வராத நாளில், காபி கொண்டுவந்து கொடுப்பார் என்று எழுதியிருந்தீர்களே பக்கத்து வீட்டு அக்கா, புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் காபி குடியுங்கள்.